காணி இல்லாதவர்க்கு முயற்சியாண்மைப் பாடம்

நமது பல்கலைக்கழகங்களிலே இன்று ஒரு பாடம் பெருமதிப்புப் பெற்று வருகின்றது. முயற்சியாண்மை என்பது அதன் பெயர். வேலை தேடுபவனாக இராதே, வேலை கொடுப்பவனாக மாறு என்பது அதன் தாரக மந்திரம். 2005 ஆம் ஆண்டு பதுளையிலே தோன்றிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், நாட்டின் விளைபொருள்களுக்குப் பெறுமதி சேர்ப்பதையே தன் குறிக்கோளாகக் கொண்டது. அங்கே முயற்சியாண்மையும் முகாமைத்துவமும் ஒரு பட்டப்படிப்பு. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் மற்றொரு பட்டப்படிப்பாக வைக்கப்பட்டது. தேயிலை மலைகளின் மடியிலே இப்படியொரு கல்விக்கூடம் எழுந்ததை வரவேற்காதார் யார்?

வரவேற்போம். ஆயினும், அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் இப்பாடத்தைக் கற்கச் செல்லும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் சார்பிலே சில வினாக்களை எழுப்பாதிருக்க முடியாது.

லயத்திலே பிறந்து வளர்ந்த ஒரு மாணவியை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். தாய் கொழுந்து பறிப்பவள். மகள் வணிகத் திட்டம் ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும். சொந்த மூலதனம் எவ்வளவு? கடனுக்குப் பிணையாக வைக்கக்கூடிய சொத்து யாது? தொழில் நடத்தப்போகும் இடம் யாருடையது? மற்றவர்கள் இலகுவாக நிரப்பிவிடும் இந்த மூன்று கட்டங்களின் முன்னே அவளுடைய பேனா நின்றுவிடுகின்றது. அவளுடைய குடும்பம் ஐந்து தலைமுறையாகக் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வாசலிலே நாலு பாத்தி மரக்கறி போட்டிருக்கும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். அவளிடம் துணிவு இல்லையா? அறிவு இல்லையா? இல்லாதது ஓர் உறுதிப்பத்திரம். அந்த உறுதி ஏன் இல்லை என்பதைச் சொல்லித் தராத பாடம் அரைப் பாடமே.

முயற்சியாளருக்கு உதாரணம் காட்ட விரும்புவோர் தேயிலையின் சரித்திரத்தையே எடுத்துக் கொள்வர். 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், 1890 இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் ஆகியோரின் விடாமுயற்சி போற்றப்படும். அவர்கள் உழைத்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலைகள் அவர்கள் காலடிக்கு எப்படி வந்தன?

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. அல்ல என்று நிரூபிக்கும் பாரம் கண்டிக் கிராமத்தவன் தலையில் விழுந்தது. அக்காலத்திலே முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. விற்கும் அதிகாரத்திலிருந்த உத்தியோகத்தர்களே வாங்குவோராகவும் வரிசையில் நின்றனர். அரசாங்கம் தெருப் போட்டது. 1867 இல் கண்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும், 1924 இல் பதுளைக்கும் புகையிரதம் ஓடியது. கோப்பி நோயால் அழிந்து, 1884 இல் ஒரியண்டல் வங்கி முறிந்து, காணிகள் மலிவாகிக் கிடந்த வேளையிலேதான் கையில் பணத்தோடு லிப்டன் வந்தார். மலிவுக் காணி, அரசாங்கத்துப் பாதை, இலண்டன் மூலதனம், தென்னிந்தியப் பஞ்சத்திலிருந்து ஓடிவந்த உழைப்பாளி ஆகிய நான்கும் கூடிய பின்னரே துரையின் முயற்சி திருவுடையதாயிற்று. தனியொருவனின் தைரியம் மட்டும் ஒரு தேயிலைச் செடியையும் நட்டதில்லை.

நம்மவரிலும் அன்று ஒரு முயற்சியாளன் இருந்தான். அவனுக்குக் கங்காணி என்று பெயர். தோட்டத்திலே முன்பணம் பெற்று, ஊருக்குப் போய் ஆள் திரட்டி, அந்த முன்பணத்தை ஆட்களின் தலையிலே கடனாக ஏற்றினான். அந்தக் கடன் துண்டிலே எழுதப்பட்டது. அதைத் தீர்க்காமல் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிறர் கடனையே தன் மூலதனமாக்கிக் கொண்ட இந்த முயற்சியாண்மையும் நமது சரித்திரந்தான். விரிவுரைகளிலே இதற்கு இடமுண்டா?

பின்னர் நடந்ததை நினைவூட்ட வேண்டியதில்லை. எனினும் கணக்கு வைப்பது நல்லது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமை பறிபோயிற்று. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 825,000 மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கு பிரித்தது. நாடற்றோர் என்ற அவலத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. குடியுரிமை அற்றவனுக்கு அரசாங்கக் காணி கிடையாது; அரசாங்க உத்தியோகம் கிடையாது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களைத் துரைமாரிடமிருந்து எடுத்தது, தொழிலாளிக்குக் கொடுக்கவில்லை. 1992 இல் முகாமை மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போனது. இத்தனை கைமாற்றங்களிலும் அந்த மண்ணைக் கொத்தியவனின் கை மட்டும் வெறுங்கையாகவே நின்றது. இன்று புதிய வீட்டுத் திட்டங்களிலே ஒரு குடும்பத்துக்குச் சில பேர்ச் காணி என்கிறார்கள். அதையே பெரும் வரமென்று எண்ண வேண்டிய நிலை!

முயற்சியாண்மைக் கோட்பாட்டின் மூலவராகக் கருதப்படும் யோசப் சும்பீட்டர், முதலாளித்துவத்தைப் போற்றிய அறிஞர். 1911 இல் வெளிவந்த தமது நூலில், புதுத்தொழில் காண்பவனுக்குக் கடன் கொடுக்கும் வங்கியாளன் இன்றியமையாதவன் என்று அவரே வற்புறுத்தினார். அப்படியாயின், பிணை வைக்க ஒரு முழக் காணியும் இல்லாதவனுக்கு எந்த வங்கி கதவு திறக்கும்? திறப்பது பெரும்பாலும் வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் கம்பெனி. நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018 இல் அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது என்பதை நாடறியும். பழைய துண்டு புதிய சட்டை போட்டுக்கொண்டு வருகின்றது என்று எண்ணத் தோன்றவில்லையா?

தொழிலாளி என்றும் கூலியாகவே இருக்க வேண்டும் என்பதா உங்கள் கட்சி என்று சிலர் கேட்பர். அன்று, அதற்கு நேர்மாறானது. தேயிலையிலே சிறியவர்கள் வெற்றி பெற்ற உதாரணம் இந்த நாட்டிலேயே உண்டு. இலங்கைத் தேயிலையில் எழுபது வீதத்துக்கு மேல் சிறுதோட்ட உடைமையாளர்களின் கொழுந்திலிருந்து வருகின்றது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிலே அவர்கள் செழித்ததன் காரணம் என்ன? அவர்கள் காலடியிலே சொந்தக் காணி இருந்தது. மானியமும் ஆலோசனையும் கொடுக்க ஓர் அதிகாரசபை இருந்தது. தேயிலை விற்ற விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு என்ற விதியும் இருந்தது. முயற்சியை முளைக்கச் செய்வது நிலமும் சட்டமும் நியாய விலையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் மலைநாட்டிலே கம்பெனிகள் முன்வைப்பது வேறு. தொழிலாளிக்கு ஒரு துண்டு மலையை ஒதுக்கி, அதைப் பராமரித்துக் கொழுந்தைத் தோட்டத்து ஸ்டோருக்கே கொடுக்கச் சொல்லும் ஒரு முறையை அவை பரப்பி வருகின்றன. இதனாலே தொழிலாளி முயற்சியாளராக உயர்வார் என்பது பிரசாரம். காணி அவருக்குச் சொந்தமாவதில்லை. ஆனால் கூலி என்ற சொல் மறைகின்றது. கூலி மறைந்தால் ஊழியர் சேமலாப நிதி எங்கே? பணிக்கொடை எங்கே? பிரசவகால உதவி எங்கே? நாட்கூலி 1,000 ரூபாவாவதற்குப் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. 1,350 ரூபாவுக்கு 2024 வரை. கூலி என்ற சொல்லே அழிந்துவிட்டால் கூலி உயர்வைக் கேட்பது எப்படி? மழை பொய்த்த நட்டமும் விலை விழுந்த நட்டமும் இனி யாருக்கு? விரிவுரை மண்டபத்திலே பயின்ற ஓர் அழகிய சொல், பிரட்டுக் களத்திலே இறங்கும்போது எந்த வேலையைச் செய்கின்றது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பங்குப் பத்திரம் கொடுத்தால் போதுமோ எனில், கடல் கடந்து மூணாறைப் பாருங்கள். நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர் நிறைந்த மலை அது. 2005 இல் டாட்டா கம்பெனி விலகியபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுக்கே வழங்கப்பட்டன. உலகமே வியந்து பார்த்தது. 2015 செப்டெம்பரிலே அதே கம்பெனியின் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதியிலே இறங்கி, 20 வீதப் போனஸ் கேட்டு மறியல் செய்தனர். பெண்கள் ஒற்றுமை என்ற பெயரோடு எழுந்த அந்தப் போராட்டம் உணர்த்திய உண்மை இதுதான்: காகிதத்திலே உடைமையாளர், மலையிலே கூலிகள். தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத உடைமை உடைமையாகாது.

ஆகவே, இப்பாடத்தை ஒழியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. முழுமையாகக் கற்பியுங்கள் என்கிறோம். கணக்கீடும் சந்தை அறிவும் நம் பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தேவை. தேயிலை ஏலத்துக்குப் போகும் வழியையும், ஒரு கிலோவின் விலையிலே யாருக்கு எவ்வளவு போகின்றது என்பதையும் அறிந்த பட்டதாரி தன் மக்களுக்குப் பெரும் பலம். ஆனால் அதே வகுப்பிலே 1840 இன் சட்டமும் 1948 இன் சட்டமும் படிக்கப்பட வேண்டும். தனிமனித வெற்றிக் கதைகளோடு கூட்டுறவின் வரலாறும் சொல்லப்பட வேண்டும். வணிகத் திட்டத்தின் வெற்றுக் கட்டத்தை மாணவியின் குறையாக மதிப்பிடாது, நாட்டின் குறையாக ஆராயச் செய்ய வேண்டும். இல்லையேல், இந்தக் கல்வி அவளுக்குக் கொடுக்கும் இறுதிப் பாடம் ஒன்றே: தோற்றால் குற்றம் உன்னுடையது.

ஆசிரிய நண்பர்களே, அந்தப் பொய்யை நம் வாயால் சொல்ல வேண்டாம். மாணவத் தோழர்களே, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வராதீர்கள். சொந்தக் காணி எவ்வளவு என்ற வினாவுக்கு எதிரே எழுதுங்கள்: எங்கள் முன்னோர் உரமாகிப்போன மலைகள் முழுவதும், உறுதி மட்டும் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.