நாள் முழுவதும் வேலை, வாசலில் சங்கிலி: லிங்கி வட்டாரத்தில் நாய் வளர்ப்பும் மாறிவிட்ட வாழ்க்கையும்

விடிந்தும் விடியாத நேரத்தில் லிங்கி வட்டாரத்திலிருந்து மோட்டார் சைக்கிள்களும் தொழிற்சாலை வேன்களும் புறப்பட்டுவிடுகின்றன. சிலர் ரந்தாவ் வழியாகச் சிரம்பானுக்கும் செனவாங் தொழிற்பேட்டைக்கும் போகிறார்கள். சிலர் போர்ட்டிக்சன் பக்கமும், சிலர் ஆற்றைக் கடந்து மலாக்கா எல்லைக்குள்ளும் வேலைக்குப் போகிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு என்று ஏழு மணிக்கெல்லாம் வீடு பூட்டப்படுகிறது. கார் நிறுத்தும் இடத்தில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் மட்டும் மாலை வரை காத்திருக்கிறது.

இதைக் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. காலையில் சோறு வைத்தாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று. திருடன் வந்தால் குரைக்கும், தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் நாய் இருந்ததுதானே என்பதுதான் பலருடைய எண்ணம். தாத்தா காலத்தில் நாய் இருந்தது உண்மை. ஆனால் அன்று அது வாழ்ந்த முறை வேறு.

லயத்து நாய் யாருடையது?

தோட்டத்து லயங்களில் நாய்க்கு ஒரு வீட்டில் பெயர் வைத்திருப்பார்கள். சோறு நான்கு வீட்டிலிருந்து வரும். அதிகாலைப் பெரட்டுக்குப் போகிறவர் பின்னாலேயே அதுவும் போகும். பால்மரக் காட்டில் நிரை நிரையாக மரம் சீவுகிறவருக்கு அது துணை. பாம்பு என்றாலும் காட்டுப்பன்றி என்றாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். வேலை முடிந்து ஆள் திரும்பும்போது அதுவும் திரும்பும். வேலைக்காட்டுக்குப் போகாத நாய், வீட்டில் இருக்கும் பாட்டிமார்களோடும் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளோடும் பொழுதைப் போக்கும்.

அந்த வாழ்க்கையில் குறை இல்லாமல் இல்லை. தடுப்பூசி கிடையாது, கருத்தடை கிடையாது, குட்டிகள் பாதி பிழைக்கும் பாதி சாகும். ஆனால் நாய் தனியாகக் கிடந்ததில்லை. லயம் முழுவதும் சேர்ந்துதான் அதை வளர்த்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. நாயும் கூடவே வந்தது. அதைக் கவனித்த அண்டை அயலார் வரவில்லை. லயம் சேர்ந்து செய்த வேலை இப்போது பகல் முழுவதும் ஆள் இல்லாத ஒரே வீட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வாராந்திர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு 9 மணி நேரம். மதிய ஓய்வு ஒரு மணி, போக வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டால் பதினொன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. மிகைநேர வேலைக்கு மாதத்திற்கு 104 மணி நேரம் வரை விதிமுறை இடம் தருகிறது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் ஓவர்டைமை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆக, நாய் தனியாக இருக்கும் நேரம் சாதாரணமாகப் பதினொன்றரை மணி, ஓவர்டைம் நாளில் 13 அல்லது 14 மணி நேரம்.

வளர்ந்த நாயைத் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக்கூடாது என்பது பிரிட்டனின் விலங்கு நல அமைப்புகள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. ஸ்வீடனில் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்று அரசு வழிகாட்டியே இருக்கிறது. இரண்டுமே நம் வேலை நாளோடு ஒத்துப்போகாத அளவுகள். குட்டி நாய் என்றால் நிலைமை இன்னும் மோசம். மூன்று மாதக் குட்டியால் நெடுநேரம் சிறுநீரை அடக்க முடியாது.

நாள் முழுவதும் கட்டிக்கிடக்கும் நாய் இரண்டில் ஒன்றாக மாறுகிறது. ஒன்று, ஓயாமல் குரைத்துக் கழுத்துப் புண்ணாகும் வரை இழுக்கிறது. அல்லது எதற்கும் அசையாமல் சுருண்டு போகிறது. முதல் வகை நாயால் அண்டை வீட்டாரோடு சண்டை வருகிறது. பல இனத்தவர் சுவர் ஒட்டி வாழும் தாமானில், நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பம் பக்கத்தில் இருக்கும்போது, அவிழ்ந்து ஓடும் ஒரு நாய் பல வருட நட்பைக் கெடுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விலங்கை வதைத்தால் அபராதம் வெறும் 200 ரிங்கிட்டாகவே நெடுங்காலம் இருந்தது. புதிய சட்டத்தில் வதைக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம் என்றால் ஆண்டு வருமானம் 20,400 ரிங்கிட். அதாவது, அபராதத்தின் குறைந்த அளவே ஒரு தொழிலாளியின் ஓராண்டு உழைப்பு. அடித்தால்தான் குற்றம் என்றும் இல்லை. தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைத் தருவது உரிமையாளரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. நகர முடியாத அளவுக்குக் குறுகிய சங்கிலியும் வெயிலில் காய்ந்த தண்ணீர்ச் சட்டியும் இந்தக் கடமைக்கு நேர் எதிரானவை.

உரிமம் இன்னொரு சிக்கல். நாய் உரிமம் ஊராட்சி மன்றங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. லிங்கி முக்கிமுக்கு அது போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகம். எத்தனை நாய், எந்த வகை வீடு என்ற நிபந்தனை மன்றத்துக்கு மன்றம் மாறும். பல மன்றங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு உரிமம் தருவதில்லை. தோட்ட வீட்டைக் காலி செய்து மலிவு விலை அடுக்குமாடிக்குப் போகும் குடும்பம் நாயை என்ன செய்யும்? பலர் அதைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ‘யாராவது சோறு போடுவார்கள்’ என்று நம்புகிறார்கள். சோறு போட அங்கே யாரும் மிஞ்சியிருப்பதில்லை.

விட்டுவிடப்பட்ட நாயின் அடுத்த கட்டம்

அப்படி விடப்பட்ட நாய் தெருநாய் ஆகிறது, குட்டி போடுகிறது, புகார் எழுகிறது, பிடிக்கும் வண்டி வருகிறது. தெருவுக்கு வந்துவிட்ட நாயை என்ன செய்வது என்பதற்கு எந்த அரசிடமும் எளிய விடை இல்லை. 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் தலைகாட்டியபோது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல எடுத்த முடிவு கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாளில் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் உள்ளவையும் வெறித்தனமாகக் கடிப்பவையும் மட்டுமே விலக்கு.

ரேபிஸ் வீண் பயம் அல்ல. சரவாக்கில் 2017ல் தொடங்கிய பரவல் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. அறிகுறி தெரிந்தபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. நாய் கடித்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் மருந்தல்ல.

வேலைக்குப் போகிறவர் நாய் வளர்க்கவே கூடாதா?

வளர்க்கலாம். நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: மதியம் பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்ப்பது யார்?

பதில் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிரம்பானுக்கும் போய்விட்ட வீடுகளில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேளை தண்ணீர் மாற்றி அரைமணி நேரம் அவிழ்த்துவிட அவர்களால் முடியும். அதற்கு மாதம் ஒரு தொகை கொடுப்பது தவறில்லை, சும்மா கேட்பதைவிட அதுவே மரியாதை. கணவனும் மனைவியும் ஷிஃப்ட் வேலை என்றால் நேரத்தை மாற்றி அமைக்கப் பார்க்கலாம். 2023 முதல் தொழிலாளி நெகிழ்வு வேலை நேரத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு அது கிடைப்பது கடினம். அலுவலக வேலையில் இருப்பவர் கேட்டுப் பார்க்கலாம்.

மற்றவை வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை. குட்டிக்குப் பதில் வளர்ந்த நாயை எடுப்பது, வேலைக்குப் போகும் முன் அரைமணி நேரம் நடத்திச் செல்வது, வேலியும் கேட்டும் சரியாக இருந்தால் சங்கிலியை அவிழ்ப்பது, நிழலில் கவிழாத சட்டியில் தண்ணீர் வைப்பது, கருத்தடையும் ஆண்டுத் தடுப்பூசியும் போடுவது. தடுப்பூசிக்குத் தனித்தனியாக அலைய முடியாதவர்கள் கோயில் நிர்வாகம் வழியாகவோ குடியிருப்பாளர் சங்கம் வழியாகவோ ஒன்றுசேர்ந்து கால்நடைச் சேவைத் துறையை அணுகலாம்.

மதியம் பார்க்க ஆள் இல்லை, அமர்த்தவும் வசதி இல்லை என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுப்பதில் குறைவில்லை. பிள்ளை கேட்கிறான் என்று வாங்கி ஆறு மாதத்தில் செம்பனைக் காட்டோரம் இறக்கிவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். லயத்தில் ஒரு நாயை நான்கு வீடு பார்த்துக்கொண்டது. தாமானில் இரண்டு வீடு சேர்ந்தாலே போதும்.