கல்வட்டத்தோடு கரம்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருங்கற்காலக் கல்வட்டங்களைக் காக்க வேண்டும் என்ற தங்கள் கட்டுரை சரியே. ஆனால் கல்லை மட்டும் காத்தால் போதாது. எங்கள் மாவட்டத்து உடையாநத்தத்தில் விசிறியாய் விரிந்து நிற்கும் தாய்த்தெய்வக் கல்லைப் பார்க்க வருகிறவர்கள், சுற்றியுள்ள வட்டங்களை மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கம் ஒரு கரம்பைத் திருத்தினார்கள். வட்டக் கற்களைப் பொக்லைன் வரப்போரம் தள்ளியது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் மண்ணோடு புரண்டு வந்தன. தடுக்கப் போனேன். "பாண்டவர் குழிதானே சார்!" என்றார் ஓட்டுநர்; கல்வட்டங்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

கல்வட்டம் உள்ள நிலங்களை, சுற்றியுள்ள கரம்பும் பாறையும் சேர்த்து, புல எண்ணோடு கிராம அடங்கலில் குறித்து வைக்கலாம். பட்டாவோ குவாரிக் குத்தகையோ கேட்டு மனு வரும்போதே விஷயம் தெரிந்துவிடும்.

– வாசகர் ஒருவர், காணை