தெருமுனைச் சாளரம்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தைச் சுற்றிலும், ஆவடி இரயில் நிலையத்தின் அருகிலும், பூந்தமல்லிக் கடைத்தெருவிலும் நடந்து செல்வோர் ஒரு மாறுதலைக் கண்டிருப்பர். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று மஞ்சள் பலகை தாங்கி நின்ற சிறு தொலைபேசிக் கூண்டுகள் மறைந்துவிட்டன. அவற்றை அடுத்துத் தோன்றிய 'பிரவுசிங் சென்டர்'களும் பெரும்பாலும் மறைந்து, எஞ்சியவை ஜெராக்ஸ் கடைகளாகவும் இ-சேவை மையங்களாகவும் உருமாறி நிற்கின்றன. "கைப்பேசி வந்துவிட்டது, இனி இவை எதற்கு?" என்பர் பலர். இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் குடும்பங்களுக்கு நன்மை பயக்கும் என எண்ணுகிறோம்.

சாளரம் திறந்த வரலாறு

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்டு 15. விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அன்றைய அரசு நிறுவனம், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இச்சேவையைத் தொடங்கியது. ஆயினும் சொந்தமாகக் கணிப்பொறியும் தொலைபேசி இணைப்பும் உடையவர்க்கே அது எட்டியது. சாதாரணக் குடும்பத்திற்கு அது எட்டாக் கனியே. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பின்னரே நிலைமை மாறிற்று. தெருமுனையில் நான்கைந்து கணிப்பொறிகளை வைத்து, மணிக்கணக்கில் கட்டணம் பெற்று, யாவரையும் உள்ளே அழைத்த மையங்கள் ஊர்தோறும் எழுந்தன.

அம்மையங்கள் நம் பகுதிக்கு ஆற்றிய தொண்டு சிறிதன்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் திரையில் கண்டது அங்கேதான். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாணவர் கூட்டம் நெருக்கியடித்ததும் அங்கேதான். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத் தமிழுக்கெனப் பொதுவான விசைப்பலகை வகுக்கப்பட்டது. தாய்மொழியில் மின்மடல் எழுதவும் சிலர் அம்மையங்களிலேயே பழகினர். 2002-இல் இரயில் பயணச்சீட்டை இணையவழியே பெறும் வசதி வந்தபின், முன்பதிவுச் சாளரத்தில் காத்திராமல் ஊர் செல்லவும் வழி பிறந்தது.

எட்டாதவர் யார்?

இன்று கைப்பேசி மலிந்துவிட்டது உண்மையே. 2016-க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததையும் நாம் அறிவோம். ஆனால் பையில் ஒரு கருவி இருப்பது வேறு. அதைக் கொண்டு ஒரு காரியத்தை முடிப்பது வேறு.

பொறியியல் கல்லூரிச் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். முன்னர் மாணவர்கள் கிண்டிக்குச் சென்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் கலந்தாய்வில் பங்குபெற்றனர். 2018 முதல் அது இணையவழிக் கலந்தாய்வாயிற்று. விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தி, குறித்த நாளுக்குள் பதிவிட வேண்டும். விரலளவுத் திரையில், ரீசார்ஜ் தீரும் தறுவாயில், வழிகாட்ட ஒருவருமின்றி அதைச் செய்யும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வரிசை பிசகினால் வாழ்க்கையின் திசையே மாறிவிடுமன்றோ?

மற்றும் சிலர் உளர். 1964-இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர், தமிழும் ஆங்கிலமும் அறியாது படிவத்தின் முன் திகைக்கின்றனர். ஓய்வூதியத்திற்கு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டிய முதியோர், ஓ.டி.பி. என்னும் எண் வந்து மறைவதற்குள் கண்ணாடியைத் தேடுகின்றனர். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி பல தலைமுறைகளுக்குக் கல்வி ஈந்து வருகிறது. அத்தகைய மாணவர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. அதை நிறுவி வைத்த பொதுக் கணிப்பொறிகளோ அரிது.

வழிப்போக்கர் நிலையும் இதுவே. 2016 முதல் இரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் கூகுளுடன் இணைந்து இலவச வைஃபை வசதியை அமைத்தது. 2020-இல் கூகுள் விலகும் முடிவை அறிவித்தது. எனினும் ரெயில்டெல் அதைத் தொடர்ந்து விரிவாக்கி, 2021-இல் 6,000 நிலையங்களை எட்டியது. பாராட்டத்தக்க பணியே. ஆனால் அதில் நுழையக் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். நம் நாட்டு எண் இல்லாத அயல்நாட்டுப் பயணிக்கும், கைப்பேசியைப் பறிகொடுத்துத் தவிக்கும் நம்மவர்க்கும் அக்கதவு எளிதில் திறவாது. இவர்கள் உட்கார ஓர் இருக்கையும், உதவ ஒரு மனிதரும் உள்ள இடம் எங்கே?

புதுவைக் கிராமங்கள் கற்பித்த பாடம்

இதற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. இடத்தைக் கிராமம் தரும். கருவிகளை நிறுவனம் தரும். நடத்துவோர் அவ்வூர்த் தொண்டர்கள், அவருள் பெரும்பாலோர் பெண்கள். சாதி வேறுபாடின்றி எல்லாரும் வந்துபோகக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய செய்தியை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவித்தனர். எழுத்தறியாதவர் காதிலும் இணையம் தமிழில் ஒலித்தது!

2004 டிசம்பர் 26 காலை நல்லவாடு கிராமத்தில் நிகழ்ந்ததை மறத்தல் இயலாது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தனர். ஒருவர் காதில் விழுந்த செய்தியை ஊரார் அனைவரின் செய்தியாக்கியது எது? ஊருக்குப் பொதுவாக அங்கே ஓர் இடம் இருந்ததே.

மதுரை மாவட்டம் மேலூரில் 2001-இல் தொடங்கிய முயற்சி வேறொரு பாடத்தைத் தருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லா முறையால் கிராமங்கள் இணைக்கப்பட்டன. வட்டாட்சியர் அலுவலகத்திற்கு விண்ணப்பங்கள் சென்றன. நோயுற்ற கண்ணின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றது. ஆயினும் அலுவலகங்களின் ஒத்துழைப்பு தளர்ந்தபோது, வருவோர் தொகை குறைந்து, மையங்கள் பல மூடப்பட்டன. கம்பியும் கருவியும் மட்டும் ஒரு மையத்தை வாழ்விக்கமாட்டா. ஊராரின் அக்கறையும் அலுவலரின் பொறுப்பும் சேர்ந்தே அதைக் காக்கும்.

எச்சரிக்கை வேண்டும்

பொது இடம் என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. 2011-இல் மத்திய அரசு இம்மையங்களுக்கு விதிகளை வகுத்தது. வருவோரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்து, ஓராண்டு பேண வேண்டும். தடுப்புகள் தரையிலிருந்து 4½ அடிக்கு மேல் உயரலாகாது. நன்னோக்கமுள்ள விதிகளே. ஆனால் இன்று அதைவிடப் பெரிய இடர், மறைவில் நிகழ்வதன்று. நம் கண்ணெதிரே, நம் சம்மதத்தோடு நிகழ்வது. அவசரத்தில் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கடவுச்சொல்லையும் முன்பின் அறியாதவரிடம் ஒப்படைத்து, "நீங்களே போட்டுவிடுங்கள்" என்று சொல்லி நிற்கிறோம். நம் பிரதிகள் அக்கணிப்பொறியிலேயே தங்கிவிடுகின்றன.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, மையத்திற்குச் செல்லும்போது வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் உடன் செல்லட்டும். கடவுச்சொல்லை நாமே இடுவோம். முடிந்ததும் நம் கோப்புகளை அழிக்கச் செய்து, கணக்கிலிருந்து வெளியேறுவோம். கட்டணத்திற்கு இரசீது கேட்போம்.

இரண்டாவதாக, நம் தெருவில் மூத்தோரும் வேற்றுமொழித் தொழிலாளரும் இருப்பின், வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்குப் படிவம் நிரப்பித் தர நம் இளைஞரைப் பழக்குவோம். கற்றதைப் பகிர்வதற்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை.

மூன்றாவதாக, நூலகத்தை நினைப்போம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது நம் மாநிலமே, ஆண்டு 1948. சொத்துவரியுடன் நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். நம் கிளை நூலகத்தில் இயங்கும் கணிப்பொறி உள்ளதா, பார்வையற்றோர் பயன்படுத்தத்தக்க மென்பொருள் உள்ளதா என்று கேட்டறிந்து, இல்லையேல் கையெழுத்திட்டு விண்ணப்பிப்போம்.

நான்காவதாக, 2020 டிசம்பரில் மத்திய அரசு பி.எம்.-வாணி என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி தேநீர்க் கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் தனி உரிமம் இன்றியே பொதுமக்களுக்கு வைஃபை வழங்கலாம். சிறுகடை நடத்தும் நம் குடும்பங்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

நம் முன்னோர் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தபோது, "வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறதே" என்று எண்ணவில்லை. கிணறு இல்லாதவரும், கிணற்றை விட்டு வெகுதூரம் நடந்து வந்தவரும் உண்டென அறிந்திருந்தனர். விண்ணப்பமும் சான்றிதழும் வேலையும் இணையத்தின் வழியே வரும் இந்நாளில், தெருமுனைச் சாளரம் ஒன்றேனும் அடைபடாமல் இருக்கக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடன்.