போன்ல நாலு கோடு இருக்கு... அப்புறம் ஏன் நெட் சுத்துது?

டவர் ஃபுல்லா காட்டும், ஆனா பணம் அனுப்பினா சுத்திக்கிட்டே இருக்கும். டி. கல்லுப்பட்டி மாதிரி ஊர்களில் பழகிப்போன புலம்பல் இது. போன் பொய் சொல்லுதா? இல்லை, பாதி உண்மையைத்தான் சொல்லுது.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் அலையின் பலத்தை மட்டுமே காட்டும். எவ்வளவு பலத்துக்கு எத்தனை கோடு என்பதிலும் பொது விதி கிடையாது. போனுக்குப் போன் மாறும். உண்மையான அளவு ‘டிபிஎம்’. 4ஜி-யில் மைனஸ் 80 இருந்தால் நல்ல சிக்னல், மைனஸ் 110 என்றால் மோசம். வெறும் 30 தானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. பலம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, பலம் இருந்தால் போதுமா? திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று பேசிப் பாருங்க. உங்க குரல் அதேதான், எதிரில் இருப்பவருக்குத்தான் புரியாது. பக்கத்து டவர்களின் அலை இங்கே அந்த ஸ்பீக்கர் வேலையைச் செய்கிறது. சமவெளியில் தடுக்க மேடு இல்லாததால் தூரத்து டவரின் அலையும் வந்து கலக்கும்.

சத்தத்தில் நாம் நிறுத்தி நிதானமாக, திரும்பத் திரும்பப் பேசுவோம் இல்லையா? டவரும் அதையேதான் செய்யும். தெளிவான இடத்தில் ஒரு துடிப்பில் 8 பிட் அனுப்பும் 4ஜி, இரைச்சலில் 2 பிட்டுக்கு இறங்கிவிடும். ஓடும் பஸ்ஸில் அலை நொடிக்கு நொடி மாறுவதால் இன்னும் கூடுதல் தெளிவு தேவை. ஒருவருக்கு மெதுவாக அனுப்ப டவர் அதிக நேரம் செலவழித்தால், அதே டவரில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேகம் குறையும்.

இது வீடியோ பார்க்கிற பிரச்சினை மட்டுமில்லை. நூறு நாள் வேலைக்கு ஆப் வழி வருகைப்பதிவு 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. போட்டோ ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே சிக்கல் என்றானது.

விதி என்ன சொன்னது? 2017 அக்டோபரில் அமலான டிராய் விதிப்படி, 90 சதவீத செல்களில், 90 சதவீத நாட்களில், அழைப்புத் துண்டிப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்தச் சராசரி பார்த்த பழைய முறையைவிட இது மேல்தான். ஆனால் கணக்கு தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து. வெளியே நிற்கும் அந்த 10 சதவீதம் எந்த ஊர்? பேரையூரா, சாப்டூர் மலையடிவாரமா?

2024 விதிகளுக்குப் பிறகு நிறுவனங்கள் கவரேஜ் வரைபடம் வெளியிடுகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் வரைபடத்தில் நிறம் இருந்தால் அலை வருகிறது என்றுதான் பொருள். வேலை நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பலத்தோடு தெளிவையும், பஞ்சாயத்து வாரியாக, மாலை நெரிசல் நேரத்தில் அளந்து வெளியிட வேண்டும். சென்னைக்காரர் கட்டும் அதே ரீசார்ஜைத்தானே கல்லுப்பட்டிக்காரரும் கட்டுகிறார்?