மூங்கிலை முறிக்க வேண்டாம்

ஹனோய் நகரின் சாதாரண உணவகம் ஒன்றில் ஒரு மேசையைக் கண்ணாடிக்குள் அடைத்துப் பாதுகாக்கிறார்கள். 2016 மே மாதம் ஒபாமா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, சுட்ட பன்றி இறைச்சியும் அரிசி நூடுல்ஸும் சாப்பிட்ட மேசை அது. வியட்நாமுக்கு ஆயுதம் விற்க இருந்த தடையை முழுவதுமாக நீக்குவதாக அவர் அறிவித்ததும் அந்தப் பயணத்தில்தான். ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி. விருந்தாளியோ, ஒரு காலத்தில் அந்த மண்ணில் குண்டு மழை பொழிந்த நாட்டின் அதிபர்.

இதைக் கொள்கைத் துரோகம் என்பவர்கள் 1979-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிப்ரவரியில் வியட்நாமின் வடக்கு எல்லையைத் தாண்டி வந்தது சீனப் படை. அதற்குச் சில வாரங்கள் முன்பு கம்போடியாவுக்குள் புகுந்து வியட்நாம் விரட்டிய ஆட்சியாளர் பொல்பொட்டும் கம்யூனிஸ்ட்தான். 1988-இல் ஸ்ப்ராட்லி தீவுகளில் 64 வியட்நாம் வீரர்கள் உயிரிழந்ததும் சீனக் கடற்படையின் தாக்குதலில். தோழன் என்ற உறவுமுறை எல்லைக்கு வேலி ஆகாது என்பதை அந்த நாடு ரத்தம் சிந்திக் கற்றது.

அதனால்தான் ராணுவக் கூட்டணி இல்லை, அந்நியத் தளம் இல்லை, ஒருவரோடு சேர்ந்து இன்னொருவரை எதிர்ப்பதில்லை, பலப்பிரயோகம் இல்லை என்று நான்கு ‘இல்லை’களை வகுத்துக்கொண்டது. மறைந்த கட்சிப் பொதுச் செயலாளர் நுயென் ஃபூ ட்ரோங் இதை மூங்கிலுக்கு ஒப்பிட்டார்: வேர் உறுதி, கிளை வளையும். 2023 செப்டம்பரில் பைடன், டிசம்பரில் ஷி ஜின்பிங், அடுத்த ஜூனில் புதின். மூவருக்கும் ஹனோயில் சிவப்புக் கம்பளம்.

வெளியே வளையும் மூங்கில் உள்ளூரில் விறைப்பாகவே நிற்கிறது. விமர்சித்து எழுதுபவர்கள் சிறைக்குப் போகிறார்கள். அதை இப்பத்திரிகை ஏற்கவில்லை. ஆனால் வெளியுறவில் ஹனோய் செய்வது சரி. அதைச் சோதிப்பது வாஷிங்டன்தான். 2025 ஏப்ரலில் வியட்நாம் பொருட்களுக்கு 46 சதவீத வரி என்று மிரட்டி, ஜூலையில் 20 என்று இறங்கி வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, பியென் ஹோவா விமான தளத்தில் டையாக்சின் நஞ்சு அகற்றும் பணியும் நின்றது. தோண்டிய மண் திறந்தபடி கிடந்தது. பிறகுதான் பணி மீண்டும் தொடங்கியது.

டையாக்சின் கலந்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைப் போரின்போது கொண்டுவந்து கொட்டியது அமெரிக்கா. வரிப் பேரத்தில் என்ன முடிவானாலும், அந்த மண்ணைச் சுத்தம் செய்து முடிக்கும் செலவை அமெரிக்காவே முழுவதுமாக ஏற்க வேண்டும்.