கம்பிச் சுருளும் மருமகனும்

கட்டாரில் இரண்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய என் தங்கையின் மகன், சென்ற மாதம் கல்முனையிலுள்ள எங்கள் வீட்டு மாடியில் தனித்திருந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். மேசையில் ஒரு சிறு குறடு, மெல்லிய கம்பி, கொஞ்சம் பஞ்சு. "என்ன மகன் இது?" என்றேன். "வேப்புக்குக் கொயில் சுத்துறன் மாமா, பழகிறன்" என்றான்.

அவனைத் திட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் முப்பது வருடப் பத்திரிகைத் தொழில் விட்டபாடில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டேன்.

கம்பியின் பெயர் கந்தால். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த சுவீடன் நாட்டுக் கண்டுபிடிப்பு. உலைகளைச் சூடாக்கும் அதே கம்பிதான். 3 மில்லிமீற்றர்த் தண்டொன்றில் அதை ஏழு சுற்று நெருக்கமாகச் சுற்றி, இரு முனைகளையும் திருகாணியில் இறுக்குகிறான். மின்சாரத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, சுருள் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிவக்கிறதா எனப் பார்க்கிறான். ஓரிடம் மட்டும் சிவந்தால் குறட்டால் மெல்ல நெருக்குகிறான். பிறகுதான் பஞ்சு. அதிகம் திணித்தால் திரவம் ஏறாது, பஞ்சு கருகும், குறைந்தால் ஒழுகும். மருதமுனையில் தார் சுற்றும் பெண்களின் விரல்களில் நான் கண்ட அந்தப் பக்குவம் இவன் விரல்களிலும் இருந்தது. (இதை அவனிடம் சொல்லவில்லை.)

என்னைத் திடுக்கிட வைத்தது மின்கலம். பழைய மடிக்கணினியொன்றிலிருந்து கழற்றியதாம். கருவியோ பாதுகாப்புச் சுற்று எதுவுமற்ற வெறும் உலோகக் குழாய். "இதன் தடை எவ்வளவு?" என்றேன். தெரியாது என்றான், அளக்க மீற்றரும் இல்லை. தாளில் கணக்குப் போட்டோம். முழுதாக ஏற்றிய மின்கலம் 4.2 வோல்ற்று. சுருள் 0.9 ஓம் என்றால் ஏறத்தாழ 4.7 அம்பியர், பரவாயில்லை. இரட்டைச் சுருள் போட்டால் தடை பாதியாகி 9 அம்பியரைத் தாண்டும். முனையொன்று தவறி உலோகத்தில் பட்டுத் தடை 0.1 ஓமாக இறங்கினால் 42 அம்பியர்! மடிக்கணினி மின்கலம் அதற்குப் பிறந்ததல்ல. இத்தகைய கருவி வெடித்து 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் டெக்சாசிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சாதாரண தரத்தில் ஓமின் விதியை மனப்பாடம் செய்து சித்தியடைந்த பிள்ளைதான் இவன். அந்த விதி தன் உதட்டருகே இருக்கிறது என்று எவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் நாட்டில் புகையிலை அடங்கிய மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை 2016 இல் தடைசெய்யப்பட்டன. தடையை நான் ஆதரிக்கிறேன். சூடாகும் சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியன ஆவியில் கலப்பதை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018 இல் எடுத்துக்காட்டினார்கள், நிக்கோட்டினோ அடிமைப்படுத்துவது. ஆனால் தடை கடையைத்தான் மூடும். பயணப் பொதியில் வருவதையும் மாடியில் நடப்பதையும் அது காணாது. ஜும்ஆப் பிரசங்கத்தில் "இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள்" என்று பொதுவாகக் கண்டிப்பவர்களும், வீட்டில் சத்தம்போடும் வாப்பாமாரும் (மாமாமாரையும் சேர்த்துத்தான்) ஒரு தடவையாவது அந்த மேசையருகே அமர்ந்து பார்த்தார்களா என்பதே என் கேள்வி. அறியாமல் திட்டுகிறவனின் பேச்சை மருமகன் எதற்காகக் கேட்க வேண்டும்?

அன்றே அந்த மின்கலத்தை வாங்கிக்கொண்டேன். புகையை விடு என்றேன். "பாப்பம் மாமா" என்றான். மறுநாள் பஸாரில் ஒரு மீற்றர் வாங்கிக் கொடுத்தேன். வயல் நீர்ப்பம்பிகளுக்கு மோட்டார் சுற்றித்தரும் நண்பரொருவரின் கடைக்கும் அழைத்துப் போனேன். அங்கே இருந்த தடித்த செப்புச் சுருள்களை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

மீற்றர் வாங்கிக் கொடுத்ததற்காகத் தங்கை இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "நீங்களும் சேந்து கெடுக்கிறீங்களா காக்கா?" என்கிறாள். மருமகன் இப்போது வீட்டு மின்விசிறியைக் கழற்றி வைத்திருக்கிறான்.