தண்டவாளத்திற்கு எந்தப் பக்கம் பள்ளி?

வீடு கட்ட மனை பார்க்கிறவர் நிலத்தின் மேடு பள்ளம் பார்க்கிறார். கிணற்றில் நீர் ஊறுமா என்று விசாரிக்கிறார். வாசல் எத்திசை நோக்க வேண்டுமென்று பெரியவர்களைக் கேட்கிறார். பள்ளிக்கு இடம் பார்க்கும்போது மட்டும் நாம் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம்: விலையின்றிக் கிடைக்கும் இடம் எது? இருப்புப் பாதை ஓடும் ஊர்களில் இவ்வழக்கத்தின் பலனைக் கண்கூடாகக் காணலாம். பாதையை ஒட்டிய நிலத்தை விரும்பி வாங்குவோர் குறைவு. ஆகவே அது மலிவாகவோ தானமாகவோ கிடைக்கிறது. அங்கே பள்ளி எழுப்பலாம் என்று ஒரு சாரார் சொன்னவுடன், கூடவே கூடாது என்று மறுசாரார் எழுகின்றனர். ஊர் இரண்டுபடுகிறது. பூசல் ஓய்வதற்குள் ஒரு கூட்டம் பிள்ளைகள் வாடகைக் கட்டடத்திலேயே படித்து முடித்துவிடுகிறார்கள்.

இதனை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. 1905ஆம் ஆண்டில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்த சிறு ரயில் பாதை 1941இல், யுத்த காலத்தில், மூடப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை சென்ற பாதையும் அவ்வாண்டிலேயே மறைந்தது. பிற்காலத்தில் சேலம் - பெங்களூர்ப் பாதை பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாக அமைந்ததே தவிர, கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டினத்துக்கும் ரயில் திரும்பவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டுமென்பது இவ்வட்டாரத்தின் நெடுநாளைய கோரிக்கை. அதனை நாமும் ஆதரிக்கிறோம். நமது மாங்கனியும் மாங்கூழும் கைத்தறித் துணியும் குறைந்த கூலியில் துறைமுகம் சேருமானால், விளைவிப்பவனுக்கும் நெய்கிறவனுக்கும் நன்மையே. ஆயின் பாதை வேண்டுமென்று கேட்பவர்கள், அதன் ஓரத்தில் வளரப்போகும் பிள்ளைகளைப் பற்றியும் முன்னதாக யோசிக்கக் கடமைப்பட்டவர்கள்.

பிரயாணி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் உள்ள வேற்றுமையை முதலில் உணர வேண்டும். பிரயாணி வண்டி வரும் நேரத்தை ஊரார் அறிவர். காலை வண்டி போயிற்றா என்று கேட்டே சமையலைத் தொடங்கும் வீடுகள் உண்டு. கூட்ஸ் வண்டிக்கு ஊரறிந்த நேரம் கிடையாது. பாதை ஒழியும்போது வரும். மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு மணிக்கணக்கில் நிற்கும். ஓடிவரும் சரக்கு வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த இயலாது; பாரம் ஏற்றிய வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் வேண்டியிருக்கும். நிற்கும் வண்டியோ அதைவிட மோசமான ஆசையைத் தூண்டுவது. பள்ளி மணி அடித்துவிட்டது, எதிரே நாற்பது ஐம்பது பெட்டிகள் அசையாமல் நிற்கின்றன என்றால், சுற்றிப் போகும் பொறுமை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏது? பெட்டிகளின் அடியில் புகுந்து மறுபுறம் போகிறான். மேலே ஏறிப் பார்க்க நினைப்பவனுக்கு 25,000 வோல்ட் மின்கம்பி தலைக்கு மேல் காத்திருக்கிறது. அதனைத் தொடவும் வேண்டுவதில்லை, நெருங்கினாலே போதும்.

கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் 2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலை நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி வாகனம் ரயில்வே கேட்டைக் கடக்கையில் விழுப்புரம் - மயிலாடுதுறை பிரயாணி வண்டி மோதி மூன்று மாணவர்கள் மாண்டனர். கேட்டைத் திறந்துவைத்தது யார் பிழை என்ற வாதம் உடனே மூண்டது. நாம் கவனிக்க வேண்டியது மற்றொரு செய்தி. அவ்விடத்தில் தன் முழுச் செலவில் சுரங்கப்பாதை அமைக்க ஒப்புதல் தந்திருந்ததாகவும், ஓராண்டாக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கிட்டவில்லை என்றும் ரயில்வே தன் அறிக்கையில் கூறியது. நிர்வாகங்களுக்கிடையே ஒரு காகிதம் தேங்கினால், அதற்குள் பள்ளி வண்டி எத்தனை முறை தண்டவாளத்தைக் கடந்துவிடுகிறது! உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில் 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆளில்லா கடவையில் பதின்மூன்று பள்ளிப் பிள்ளைகள் இறந்தனர். அகலப் பாதைகளில் ஆளில்லா கடவைகள் அனைத்தும் ஒழிந்தது 2019ஆம் ஆண்டு ஜனவரியில். நம் நாட்டில் விபத்து முன்னே நடக்கிறது. ஏற்பாடு பின்னே வருகிறது.

இவ்விரண்டு இடங்களிலும் பிள்ளைகளைக் கொன்றது பள்ளிக்குப் போகும் வழி. ஆகையால் பள்ளிக் கட்டடம் பாதைக்கு எத்தனை அடி தூரம் என்று மட்டும் அளந்துகொண்டு சண்டையிடுவது பயனற்றது. ஒரு மைல் தள்ளிக் கட்டிய பள்ளிக்குத் தினமும் தண்டவாளத்தைத் தாண்டிச் செல்லும் பிள்ளையைவிட, பாதைக்கு அருகே இருந்தாலும் வீட்டின் பக்கத்திலேயே அமைந்த பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அபாயம் குறைவு. எந்தப் பக்கம் என்பதே முதற்கேள்வி. எத்தனை தூரம் என்பது அதற்கடுத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் 2010இல் வகுத்த மாதிரி விதிகளிலும் இக்கருத்து உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறுவர்க்கு அபாயம் இருக்குமானால், அதனைத் தவிர்க்கும் வகையில் தூர வரம்பைக் குறைத்தும் பள்ளியை அமைக்க வேண்டுமென்று அவை சொல்கின்றன. இடத்தகராறு பேசும் கூட்டங்களில் இவ்விதியை எடுத்துக்காட்டுவோர் அரிது.

அடுத்தது இரைச்சல். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் உதட்டசைவாலும் சைகையாலும் பேசப் பழகிவிடுகிறோம். பாடம் கேட்கும் பிள்ளை அப்படிப் பழக முடியுமா? நியூயார்க் நகரில் உயர்மட்ட ரயில் பாதையிலிருந்து சுமார் 220 அடி தள்ளி ஒரு பள்ளி இருந்தது. அங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி கடக்கும். ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். ஆர்லின் பிரான்சாஃப்ட், டென்னிஸ் மெக்கார்த்தி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1975இல் வெளியிட்ட முடிவின்படி, பாதையை நோக்கிய வகுப்பறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தனர். இதன் பின்னர் ரயில் நிர்வாகம் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் பட்டை வைத்தது. கல்வி நிர்வாகம் ஒலியை உறிஞ்சும் மேற்கூரை அமைத்தது. 1981இல் வெளியான மறு ஆய்வில் இருசாரார்க்கும் இடையே அந்த வேற்றுமை காணப்படவில்லை. இரு நிர்வாகங்களும் ஆளுக்குப் பாதிச் சுமையை ஏற்றதால் தீர்ந்த வழக்கு இது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் எழுப்ப ரயில்வேயின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். ஆனால் அந்த 30 மீட்டர் ரயில்வேயின் சொத்தையும் பாதையையும் காப்பதற்கு ஏற்பட்டது. பிள்ளையின் காதை அது அறியாது. மேற்சொன்ன 220 அடி என்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க. 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். பகலில் ஒலி 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூட்ஸ் வண்டியின் ஊதல் அவ்வளவில் அடங்குமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் புதிய பள்ளிக்குரிய இடம் ரயில் எல்லையிலிருந்து 1,500 அடிக்குள் இருந்தால், அங்கே ஓடும் வண்டிகள், அவற்றின் வேகம், ஏற்றிச் செல்லும் சரக்கு முதலியவற்றை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்ய வேண்டுமென்று விதித்திருக்கிறது. சரக்கு இன்னதென்று கேட்பது வீண் கேள்வியன்று. கனடாவின் லாக் மெகாந்திக் என்னும் சிற்றூரில் 2013ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், எண்ணெய் ஏற்றி நின்ற வண்டி தானே உருண்டுவந்து கவிழ்ந்து தீப்பற்றியதில் 47 பேர் மாண்டனர்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. இடம் சரியில்லை, சரியில்லை என்று தள்ளிக்கொண்டே போனால், பள்ளி அடுத்த ஊருக்குப் போய்விடும். பெண் பிள்ளைகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் என்கிறார்கள். உண்மைதான். காமராஜர் ஆட்சிக் காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தபோது, மக்கள் நிலமும் பொருளும் உவந்து அளித்தனர். அன்று கிடைத்த இடத்தில் கட்டியதாலேயே நம்மில் பலர் எழுத்தறிந்தோம். தானத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். அம்மாட்டின் பின்னே நம் பிள்ளைகளை அனுப்பப் போகிறோமென்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆதலின் நமது யோசனைகள் இவை. இடத்தை ஏற்குமுன், எத்தனை பிள்ளைகள் தண்டவாளத்தைக் கடந்து வரவேண்டியிருக்கும் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கிராம சபையில் படிக்க வேண்டும். கணிசமானோர் கடக்க நேருமானால், சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ முடிந்த பின்னரே பள்ளி திறக்கப்பட வேண்டும். பாதையோர இடத்தைத் தவிர வேறில்லையெனில், விளையாட்டுத் திடலும் சமையற்கூடமும் பாதைப் பக்கமாகவும், வகுப்பறைகள் மறுபக்கமாகவும் அமைய வேண்டும். சுற்றுச்சுவர் முதற் செலவாக இருக்க வேண்டுமே அன்றிக் கடைசிச் செலவாக இருக்கலாகாது. வண்டிகள் நிறுத்திவைக்கும் பக்கப்பாதையையும் சரக்குக் கொட்டகையையும் பள்ளிக்கு எதிரே அமைக்கலாகாது என்று, பாதை வரையப்படும்போதே ரயில்வேக்கு மனுச் செய்ய வேண்டும். கட்டிய பின் அழுது பயனில்லை.

இதில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மா விவசாயியின் சரக்கு ரயிலேறும் பருவமும் பள்ளி திறக்கும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. சரக்குக் கொட்டகை அருகில் வேண்டுமென்று மனுப் போடுகிறவரும், பள்ளி அருகில் வேண்டுமென்று மனுப் போடுகிறவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். இவ்விரு மனுக்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக்கூடிய இடம் நம் சங்கங்களே. அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு நெசவாளர், விவசாயிகள், பால் உற்பத்தியாளர் சங்கங்கள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம். ரயில் வரும் நாள் நம் கையில் இல்லை. அது வருமுன் எந்தப் பக்கம் பள்ளி என்று தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது.